யாரோ, யாராவது, யாரும்: எல்லையோர வாசகர்களின் ஆங்கிலக் கேள்விகள்

இந்த இதழின் ஆங்கிலக் கேள்வி-பதில் பகுதிக்குக் கேரள, ஆந்திர எல்லையோரத்துக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். எல்லாமே 'சம்படி', 'எனிபடி', 'நோபடி' வகையறாவைப் பற்றியவை. இலக்கணப் புத்தகத்தில் இவற்றுக்கு இன்டெஃபினிட் புரோனவுன் என்று பெயர்: இன்னார், இன்னது என்று சுட்டாமல் பேசும் சொற்கள். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளமோ தெலுங்கோ, பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்பவர்களுக்கு இதில் குழப்பம் கூடுதல் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. இரண்டாவது பதிலில் அது வரும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் ஆசிரியை: எட்டாம் வகுப்புத் தமிழ் மீடியம் பிள்ளைகள் 'எவ்ரிபடி ஹேவ் கம்' என்றே எழுதுகிறார்கள். சிவப்பு மை தீர்ந்ததுதான் மிச்சம். மலையாள மீடியம் பிள்ளைகளும் இதே தவறைச் செய்கிறார்கள். எப்படிச் சொல்லிக்கொடுத்தால் மண்டையில் ஏறும்?

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது டீச்சர். தமிழில் 'எல்லாரும் வந்திருக்கிறார்கள்' என்கிறோம். வினையின் வாலில் 'கள்' நிற்கிறது. கூட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தக் கூட்டத்துக்குத்தான் 'ஹேவ்' போடுகிறார்கள். மலையாளத்தில் 'எல்லாவரும் வந்நு'. அங்கே வினை ஆளுக்கும் எண்ணிக்கைக்கும் ஏற்ப மாறுவதே இல்லை. ஞான் வந்நு, அவன் வந்நு, அவர் வந்நு எல்லாம் ஒன்றே. 'ஹேஸ்' போடுவதா, 'ஹேவ்' போடுவதா என்பதற்கு அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சிலிருந்து ஒரு துப்பும் கிடைக்காது. ஒரே தவறு, காரணம் மட்டும் இரண்டு.

முதல் வேலையாக 'எவ்ரிபடி' என்றால் 'எல்லாரும்' என்று சொல்லிக்கொடுப்பதை நிறுத்துங்கள். 'ஒவ்வோர் ஆளும்' என்று சொல்லிக்கொடுங்கள். 'எவ்ரி' என்றால் ஒவ்வொரு, 'படி' என்றால் ஓர் உடம்பு. ஒவ்வோர் உடம்பாக எண்ணுகிறோம், ஆகவே ஒருமை. பிறகு பலகையில் நான்கு தலைகளை எழுதுங்கள்: சம், எனி, நோ, எவ்ரி. பக்கத்தில் மூன்று வால்கள்: படி, ஒன், திங். கோத்தால் பன்னிரண்டு சொற்கள். பன்னிரண்டும் ஒருமை வினையைத்தான் கேட்கும். விதிவிலக்கே கிடையாது. ஆங்கில இலக்கணத்தில் இப்படி ஒரு விதி அமைவது அபூர்வம், விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, பயிற்சி எங்கே கொடுப்பது என்பது. 'எவ்ரிபடி கேம்', 'எவ்ரிபடி வில் கம்' போன்ற வாக்கியங்களில் இந்தத் தவறு வெளியே தெரியவே தெரியாது. சாதாரண இறந்தகாலமும் 'வில்', 'கேன்' போன்ற துணைவினைகளும் ஒருமை பன்மைக்கு மாறாதவை. தவறு தலைகாட்டும் இடங்கள் ஐந்துதான்: இஸ்/ஆர், வாஸ்/வேர், ஹேஸ்/ஹேவ், டஸ்/டூ, நிகழ்கால வினையின் கடைசி 'ஸ்'. ஒவ்வொன்றுக்கும் நான்கு வாக்கியம் என்று இருபது கொடுத்தால் போதும். புத்தகத்தில் இருக்கும் ஐம்பதில் பாதி இறந்தகால வாக்கியங்களாக இருந்தால் அந்தப் பாதி வீண்.

கெட்டிக்காரப் பிள்ளைகளும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 'எவ்ரிஒன் எக்ஸெப்ட் தி பாய்ஸ் ஹேஸ் பெய்டு.' வினைக்குப் பக்கத்தில் 'பாய்ஸ்' என்ற பன்மை உட்கார்ந்திருப்பதால் கை தானாக 'ஹேவ்' எழுதும். நடுவில் இருப்பதை விரலால் மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்: 'எவ்ரிஒன் ஹேஸ் பெய்டு.' இந்த விரல் வைத்தியம் கீழே வரும் இன்னும் சில கேள்விகளுக்கும் உதவும்.

'ஆல்' வேறு சாதி. 'ஆல் ஆஃப் தெம் ஆர் ஹியர்' பன்மை. 'ஆல் ஆஃப் தி ரைஸ் இஸ் கான்' ஒருமை. பின்னால் வரும் பொருளை எண்ண முடியுமா, முடியாதா என்பதுதான் அங்கே கணக்கு. இரண்டையும் ஒரே பாடவேளையில் நடத்தாதீர்கள்.

திருத்தணியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: 'யாரும் வரவில்லை' என்பதை 'எனிபடி டிட் நாட் கம்' என்று எழுதினேன், மதிப்பெண் போய்விட்டது. யாரும் என்றால் எனிபடி, வரவில்லை என்றால் டிட் நாட் கம். எந்தச் சொல் தவறு?

சொல் எதுவும் தவறில்லை. வரிசைதான் தவறு. முதலில் நம் பக்கத்துக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

தமிழ் இந்தச் சொற்களைக் கேள்விச் சொல்லிலிருந்து செய்கிறது. 'யார்' என்பதோடு ஓ சேர்த்தால் யாரோ. ஆவது சேர்த்தால் யாராவது. உம் சேர்த்தால் யாரும். உங்கள் ஊரில் காதில் விழும் தெலுங்கிலும் அப்படியே: எவரோ, எவரைனா, எவரூ. பாலக்காட்டுப் பக்கம் மலையாளத்தில் ஆரோ, ஆரெங்கிலும், ஆரும். நாகர்கோவில் தமிழிலேயே 'ஆரு' உண்டு. மூன்று மொழியிலும் ஒட்டு மாறுகிறதே தவிர வேலை மாறவில்லை. இதுதான் மேலே சொன்ன வசதி. ஒரு மொழியில் கணக்கைப் பிடித்தால் மற்றதிலும் பிடித்த மாதிரி.

'யாரோ வந்தார்': வந்தது உறுதி, ஆள் யார் என்று தெரியவில்லை. 'யாராவது வந்தார்களா?': வந்தார்களா என்பதே தெரியவில்லை. 'யாரும் வரவில்லை': ஆளே இல்லை. இதில் யாரோ எப்போதும் ஆங்கிலத்தில் 'சம்' பக்கம் போகும். 'சம்படி கேம்.' யாராவது கேள்வியிலும் 'வந்தால்' போன்ற நிபந்தனையிலும் பெரும்பாலும் 'எனி' ஆகும். 'டிட் எனிபடி கம்?' 'இஃப் எனிபடி கம்ஸ், கால் மீ.' ஆனால் 'யாராவது கதவைத் திறங்களேன்' என்று வேண்டும்போது அது 'சம்படி ஓபன் தி டோர், ப்ளீஸ்'. அங்கே யாரோ ஒருவர் எழுந்து வருவார் என்று எதிர்பார்க்கிறோம்.

மிச்சம் யாரும். உங்கள் மதிப்பெண்ணைத் தின்றது இதுதான். தமிழில் 'இல்லை' வாக்கியத்தின் கடைசியில் வரும். 'யாரும்' என்று தொடங்கியவுடனே கேட்பவர் காத்திருக்கப் பழகியிருக்கிறார். ஆங்கிலம் அப்படிக் காத்திருக்காது. 'எனிபடி' இன்மையைக் குறிக்க வேண்டுமானால் அதற்கு முன்னாலேயே 'நாட்' வந்திருக்க வேண்டும். 'ஐ டிட் நாட் சீ எனிபடி' சரி. 'நாட்' முன்னால் இருக்கிறது. 'எனிபடி டிட் நாட் கம்' தவறு, 'நாட்' பின்தங்கிவிட்டது. எழுவாயாக நிற்கும் 'எனிபடி'க்கு முன்னால் 'நாட்' வைக்க இடமில்லை. ஆகவே இன்மையை எழுவாயே சுமக்க வேண்டும்: 'நோபடி கேம்.'

எழுதும்போது செய்ய வேண்டியது இது. தமிழ் வாக்கியத்தில் யாரும், எதுவும், ஒன்றும் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது எழுவாயாக இருந்தால் 'நோபடி', 'நத்திங்' போட்டு, வினையிலிருந்து 'நாட்' என்பதை எடுத்துவிடுங்கள். யாரையும், யாரிடமும், எதையும் என்று வேற்றுமை ஏறியிருந்தால் வினையில் 'நாட்' வைத்து, பிறகு 'எனி' போடுங்கள். 'எதையும் தொடவில்லை' என்பது 'ஐ டிட் நாட் டச் எனிதிங்'. 'எதுவும் மாறவில்லை' என்பது 'நத்திங் சேஞ்ச்டு'.

'நாட்' என்பதை எடுக்க மறந்தால் 'நோபடி டிட் நாட் கம்' ஆகிவிடும். வராதவர் ஒருவரும் இல்லை, அதாவது எல்லாரும் வந்தார்கள்! நேர் எதிர்ப்பொருள்.

'நாட்' இல்லாமலே இன்மையைச் சுமக்கும் சொற்களும் உண்டு: நெவர், ஹார்ட்லி, வித்தவுட். 'யாரிடமும் சொல்லாமல் போனான்' என்பது 'ஹி லெஃப்ட் வித்தவுட் டெல்லிங் எனிபடி'. 'சொல்லாமல்' என்பதில் இருக்கும் மறுப்பை ஆங்கிலத்தில் 'வித்தவுட்' சுமக்கிறது. அங்கே 'நோபடி' போடாதீர்கள்.

'எனிபடி கேன் கம்' என்று எழுதுகிறார்களே, அதில் 'எனிபடி' எழுவாய்தானே என்று கேட்பீர்கள். அது 'யார் வேண்டுமானாலும் வரலாம்'. அதில் இன்மையே இல்லை, ஆகவே முன்பின் என்ற பேச்சும் இல்லை.

குமுளியில் ஏலக்காய், மிளகு விற்கும் கடைக்காரர்: வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள். 'டு யூ வான்ட் எனிதிங்?' என்று கேட்கிறேன். 'சம்திங்' போட வேண்டும் என்கிறான் பையன். கேள்வியில் 'எனி' வரும் என்றுதானே படித்தோம்?

இருவர் சொல்வதும் சரி. கேள்வி என்றால் 'எனி' என்பது பாதி விதி. பதில் என்னவென்று தெரியாமல் கேட்டால் 'எனி'. 'ஆம்' என்ற பதிலை எதிர்பார்த்து உபசரித்தால் 'சம்'. 'வுட் யூ லைக் சம்திங் டு ட்ரிங்க்?' என்பது நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுக் கேட்பது. 'டு யூ வான்ட் எனிதிங்?' என்பது, சொல்லும் குரலைப் பொறுத்து, 'ஏதாவது வேணுமா, இல்லையா?' என்றும் கேட்கும். கடை வாசலில் முதல் வாக்கியம் மேல். பில் போடும்போது மட்டும் 'எனிதிங் எல்ஸ்?' என்றே கேளுங்கள். 'வேறு ஏதாவது?' என்பதற்கு அதுதான் வழக்கு.

உங்கள் கடையில் அடிக்கடி வரக்கூடிய இரண்டு சறுக்கல்களையும் சொல்லிவிடுகிறோம். தமிழில் 'நல்லதா ஏதாவது' என்று அடையை முன்னால் வைப்போம். இந்தப் பன்னிரண்டு சொற்களுக்கும் ஆங்கிலத்தில் அடை பின்னால்தான் வரும்: 'சம்திங் குட்', 'எனிதிங் சீப்பர்', 'நத்திங் நியூ'. 'குட் சம்திங்' என்று யாரும் சொல்வதில்லை. இரண்டாவது, 'சில்லறை இருக்கா?' என்று கேட்டால் 'நத்திங்' என்று பதில் சொல்வது. 'ஒண்ணும் இல்லை' என்பதன் நேர்ப்பெயர்ப்பு அது. குறிப்பிட்ட ஒரு பொருளைக் கேட்டு, அது இல்லையென்றால் 'நன்' அல்லது 'ஐ டோன்ட் ஹேவ் எனி'. பச்சை ஏலக்காய் தீர்ந்துவிட்டால் 'சாரி, தேர் இஸ் நன் லெஃப்ட்'. கடையே காலியாக இருந்தால்தான் 'நத்திங்'.

களியக்காவிளையில் தட்டச்சு நிலையம் நடத்துபவர்: சுற்றறிக்கைகளில் 'எவ்ரிஒன் ஷால் பிரிங் ஹிஸ் கார்டு' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். சிலர் 'ஹிஸ் ஆர் ஹெர்', சிலர் 'தேர்'. ஒருமைச் சொல்லுக்குத் 'தேர்' எப்படிப் பொருந்தும்?

தமிழில் இந்தத் தொல்லை இல்லை. 'ஒவ்வொருவரும் தம் அட்டையைக் கொண்டு வரவும்' என்று 'தம்' போட்டால் ஆண், பெண் இருவருக்கும் ஆயிற்று. ஆங்கிலத்தில் அப்படி ஓர் ஒருமைச் சொல் இல்லாததால் வந்த வம்பு இது.

'ஹிஸ்' என்ற வழக்கத்துக்குச் சட்டத்தின் துணை இருந்தது. ஆண்பாலில் சொன்னது பெண்ணையும் குறிக்கும் என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1850ஆம் ஆண்டுச் சட்டத்தில் வைத்தது. இந்தியாவில் 1897ஆம் ஆண்டின் பொது உட்கூறுகள் சட்டம், 13ஆம் பிரிவு, அதையே சொல்கிறது. பழைய பத்திரங்களிலும் விதிகளிலும் 'ஹிஸ்' நிறைந்திருப்பதற்கு இந்த மரபும் ஒரு காரணம். அப்படிப்பட்ட ஆவணத்தை நகல் எடுக்கும்போது கை வைக்காதீர்கள்.

ஒருவரைக் குறிக்கத் 'தே', 'தேர்' போடுவது நேற்று வந்த நாகரிகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் இருக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கம் 2019இல் வெளியிட்ட தன் நடைக்கையேட்டின் ஏழாம் பதிப்பில் கல்விக் கட்டுரைகளுக்கே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே 'எவ்ரிஒன் ஹேஸ் டு பிரிங் தேர் கார்டு' தாராளமாக எழுதலாம். வினை 'ஹேஸ்', பின்னால் வரும் பெயர் 'தேர்'. இரண்டும் முரண்படுவது போலத் தோன்றினாலும் வாக்கியம் சரியானதே. 'தேர்' வருகிறதே என்று வினையையும் 'ஹேவ்' ஆக்குவதுதான் தவறு.

'தேர்' கண்டால் முகம் சுளிக்கும் மேலதிகாரி இருந்தால் எழுவாயையே பன்மையாக்கிவிடுங்கள்: 'ஆல் மெம்பர்ஸ் ஷால் பிரிங் தேர் கார்ட்ஸ்.' சண்டையும் இல்லை, பால் வேறுபாடும் இல்லை. சுற்றறிக்கைக்கு நாங்கள் இதையே சிபாரிசு செய்வோம். 'ஹிஸ் ஆர் ஹெர்' ஒரு முறை வந்தால் பொறுக்கலாம். ஒரு பத்தியில் நான்கு முறை வந்தால் நாக்கு தடுக்கும்.

வாளையாரில் லாரி புக்கிங் ஆபீஸ் எழுத்தர்: 'ஒன் ஆஃப் அவர் டிரைவர்' என்று எழுதினால் முதலாளி அடித்துவிட்டு 'டிரைவர்ஸ்' என்கிறார். போனது ஒருத்தர்தானே?

முதலாளி சொல்வது சரி. 'நம்ம டிரைவர் ஒருத்தர்' என்று பேச்சில் சொல்வதால் பன்மை நம் காதில் விழவில்லை. எழுத்துத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: எங்கள் டிரைவர்களில் ஒருவர். 'களில்' வந்துவிட்டது. 'ஆஃப்' என்பதற்குப் பின்னால் வருவது முழுக்கூட்டம், ஆகவே பன்மை. வினை அந்த ஒருவருக்கு உரியது, ஆகவே ஒருமை. 'ஒன் ஆஃப் அவர் டிரைவர்ஸ் ஹேஸ் லெஃப்ட்.' நடுவில் விரல் வைத்து மறைத்தால் 'ஒன் ஹேஸ் லெஃப்ட்'. 'ஈச் ஆஃப் தி லாரீஸ் ஹேஸ் எ பெர்மிட்' என்பதற்கும் இதே கணக்கு. 'எவ்ரி ஆஃப் தி லாரீஸ்' என்று மட்டும் எழுதாதீர்கள். 'எவ்ரி' தனியாக நிற்கத் தெரியாத சொல். 'எவ்ரி லாரி' அல்லது 'எவ்ரி ஒன் ஆஃப் தி லாரீஸ்'.

நகரியில் விசைத்தறி வைத்திருப்பவர்: வங்கிக்கு எழுதிய கடிதத்தில் 'எ ஃபியூ லூம்ஸ் ஆர் ரன்னிங்' என்று போட்டேன். 'தறிதான் ஓடுகிறதே, பிறகு என்ன கஷ்டம்?' என்று கேட்கிறார்கள். 'எ' போடுவதில் அவ்வளவு வித்தியாசமா?

அவ்வளவும் அந்த 'எ' என்ற ஒற்றை எழுத்தில்தான் இருக்கிறது. தமிழில் இதே வேலையைச் செய்வது ஏகாரம். 'சில தறிகள் ஓடுகின்றன': ஓடுவதைச் சொல்கிறோம், பரவாயில்லை என்ற தொனி. 'சில தறிகளே ஓடுகின்றன': ஓடாததைச் சொல்கிறோம், குறைபட்டுக்கொள்கிறோம். முதலாவது 'எ ஃபியூ', இரண்டாவது வெறும் 'ஃபியூ'. தமிழில் ஏ சேர்த்தால் குறையும். ஆங்கிலத்தில் 'எ' எடுத்தால் குறையும். தலைகீழாக இருப்பதால்தான் கை தடுமாறுகிறது.

எண்ண முடியாததற்கு 'எ லிட்டில்', 'லிட்டில்'. 'வி ஹேவ் எ லிட்டில் யார்ன்' என்றால் நூல் கொஞ்சம் இருக்கிறது, இன்றைக்கு ஓட்டலாம். 'வி ஹேவ் லிட்டில் யார்ன்' என்றால் கொஞ்சமே இருக்கிறது, தறி நிற்கப்போகிறது. நூலை எடையாகப் பார்க்கும்போது 'லிட்டில்', கோன்களாக எண்ணும்போது 'ஃபியூ'.

வெறும் 'ஃபியூ', வெறும் 'லிட்டில்' இரண்டும் கொஞ்சம் புத்தக வாடை அடிப்பவை. வேகமாகப் படிப்பவர் கண்ணில் 'எ' இல்லாதது படாமலும் போகலாம். பணம் சம்பந்தப்பட்ட கடிதத்தில் 'ஒன்லி எ ஃபியூ லூம்ஸ் ஆர் ரன்னிங்' என்று எழுதுங்கள். 'ஒன்லி' வந்துவிட்டால் ஏகாரம் உறைத்த மாதிரி. அதைவிட நல்லது எண்ணிக்கையையே போடுவது: எட்டில் மூன்று ஓடுகிறது என்றால் 'ஒன்லி த்ரீ ஆஃப் தி எய்ட் லூம்ஸ் ஆர் ரன்னிங்'. வங்கிக்காரருக்கு இலக்கணத்தைவிட எண் பிடிக்கும்.

'குவைட் எ ஃபியூ' என்று எங்காவது பார்த்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது 'நிறைய'. 'கொஞ்சநஞ்சமா?' என்று நாம் கேட்பது போல.

செங்கோட்டையில் ஒரு பள்ளி அலுவலக எழுத்தர்: பெற்றோர் கூட்டத்து அறிக்கையில் 'ஆல் பேரன்ட்ஸ் டிட் நாட் அட்டெண்ட்' என்று எழுதினேன். பாதிப் பேர் வந்திருந்தார்கள். ஒருவரும் வரவில்லை என்று தலைமையாசிரியர் எடுத்துக்கொண்டார்.

அவர் அப்படி எடுத்துக்கொண்டதில் தவறில்லை, நீங்கள் நினைத்து எழுதியதற்கும் இடம் இருக்கிறது. அதுதான் அந்த வாக்கியத்தின் குறை. 'எல்லாரும் வரவில்லை' என்று தமிழில் சொன்னாலும் இதே இழுபறிதான். பேச்சில் குரலை ஏற்றி இறக்கிச் சமாளிக்கிறோம். எழுத்தில் 'நாட்' என்பதைத் தலைக்கு முன்னால் கொண்டுபோங்கள்: 'நாட் ஆல் தி பேரன்ட்ஸ் அட்டெண்டட்.' சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை. ஒருவருமே வரவில்லை என்றால் 'நன் ஆஃப் தி பேரன்ட்ஸ் அட்டெண்டட்'. 'ஆல்', 'எவ்ரிபடி', 'போத்' மூன்றோடும் வினையில் 'நாட்' சேர்ப்பதை அலுவலகக் கடிதத்தில் அடியோடு விட்டுவிடுங்கள்.

ஒரு பிள்ளையின் தாய், தந்தை இருவருமே கையெழுத்துப் போடவில்லை என்றால் 'போத் டிட் நாட் சைன்' அல்ல, 'நைதர் ஆஃப் தெம் ஹேஸ் சைன்டு'. இரண்டு பேர் என்றால் போத், ஈதர், நைதர். மூன்று முதல் ஆல், எனி, நன். 'நீதர்' என்று உச்சரித்தாலும் சரிதான்.

சித்தூரிலிருந்து ஒரு வாசகி: 'யார் யார் வந்தார்கள்?' என்பதற்கு 'ஹூ ஹூ கேம்?' என்றேன், சிரித்தார்கள். 'ஹூ ஆல் கேம்?' என்றால் சரியா?

ஆந்திரத்துச் சித்தூரா, பாலக்காட்டுச் சித்தூரா என்று கடிதத்தில் இல்லை. விடை இரண்டுக்கும் ஒன்றே. தெலுங்கில் எவரெவரு, மலையாளத்தில் ஆரொக்கெ, தமிழில் யார் யார் அல்லது யாரெல்லாம். ஒருவருக்கு மேல் வந்திருப்பார்கள் என்பதைக் கேள்வியிலேயே காட்டிவிடுகிறோம். ஆங்கிலம் அதைக் காட்டுவதில்லை. 'ஹூ கேம்?' என்று கேட்டாலே பத்துப் பெயரையும் சொல்வார்கள். 'ஹூ ஆல்', 'வாட் ஆல்' இந்திய ஆங்கிலப் பேச்சில் பரவலாக உண்டு; அமெரிக்காவின் தென்பகுதிப் பேச்சிலும் கேட்கலாம். பேசும்போது வெட்கப்பட வேண்டியதில்லை. தேர்விலும் விண்ணப்பத்திலும் எழுதாதீர்கள்.

இதன் தம்பிகளான யார் யாரோ, ஏதேதோ, எங்கெங்கோ மூன்றுக்கும் 'சம்படி சம்படி' என்று அடுக்க முடியாது. 'ஆல் சார்ட்ஸ் ஆஃப் பீப்பிள்', 'ஆல் சார்ட்ஸ் ஆஃப் திங்ஸ்', 'ஆல் ஓவர் தி பிளேஸ்' என்று சொன்னால் அந்த அலுப்பும் சேர்ந்தே வந்துவிடும்.

மூணாறிலிருந்து பி.எஸ்.சி. என்னும் அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்: 'நோ ஒன்' சேர்த்து எழுதுவதா, பிரித்தா? 'எவ்ரிஒன்', 'எவ்ரி ஒன்' வித்தியாசம் என்ன? 'நன்' என்பதற்கு இஸ், ஆர் எது?

'நோ ஒன்' பிரித்து. பன்னிரண்டில் அது ஒன்றுதான் இரண்டு சொல். சேர்த்தால் இரண்டு 'ஓ' ஒட்டிக்கொண்டு 'நூன்' என்று வாசிக்கத் தோன்றும். 'நோபடி' சேர்த்துத்தான்.

சேர்ந்த 'எவ்ரிஒன்' ஆட்களுக்கு மட்டும், பின்னால் 'ஆஃப்' வராது. பிரிந்த 'எவ்ரி ஒன்' ஆட்களுக்கும் பொருள்களுக்கும் பொது, 'ஒன்றுவிடாமல்' என்ற அழுத்தம் உண்டு: 'எவ்ரி ஒன் ஆஃப் தி மேங்கோஸ் வாஸ் ராட்டன்.' சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அழுத்தம் 'ஒன்' மேல் விழுந்தால் பிரித்து எழுதுங்கள். 'எனிஒன்', 'எனி ஒன்' இரண்டும் இதே மாதிரி. 'படி' வாலுக்கும் 'ஒன்' வாலுக்கும் பொருள் வேறுபாடு கிடையாது; எழுத்தில் 'ஒன்' சற்றுக் கூடுதலாக வரும், அவ்வளவே.

'நன் ஆஃப் தி மில்க்' என்றால் 'இஸ்' மட்டும். 'நன் ஆஃப் தி பாய்ஸ்' என்றால் இஸ், ஆர் இரண்டும் ஏற்கத்தக்கவை. இரண்டும் விடைத்தேர்வில் இருந்தால் பழைய பாடநூல் வழக்கப்படி 'இஸ்' என்பதைக் குறியுங்கள்.

தென்காசி வாசகர் ஒருவர்: எல்லா வாக்கியத்தின் கடைசியிலும் 'இஸின்ட் இட்?' போடுகிறேன். 'எவ்ரிபடி கேம், இஸின்ட் இட்?' தவறு என்கிறாள் மகள்.

நமக்கு 'இல்லையா', மலையாளத்தில் 'அல்லே', தெலுங்கில் 'கதா'. ஒரே வால் எல்லா மாட்டுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் வாக்கியத்துக்கு வாக்கியம் வால் மாறும். 'படி', 'ஒன்' சொற்களுக்கு வாலில் 'தே' வரும், வினை ஒருமையாக இருந்தாலும்: 'எவ்ரிபடி ஹேஸ் கம், ஹேவின்ட் தே?' 'திங்' சொற்களுக்கு 'இட்': 'எவ்ரிதிங் இஸ் ரெடி, இஸின்ட் இட்?' உங்கள் பழைய வால் பொருந்தும் இடம் இதுதான்.

'நோபடி', 'நத்திங்' வந்தால் வாக்கியத்துக்குள்ளேயே மறுப்பு இருப்பதால் வாலில் மறுப்பு கூடாது. 'நோபடி கால்டு, டிட் தே?' 'நத்திங் ஹேப்பன்டு, டிட் இட்?' இதற்குப் பதில் சொல்லும் இடத்தில்தான் பெரிய வில்லங்கம். 'யாரும் கூப்பிடலையே?' என்று கேட்டால் நாம் 'ஆமாம், கூப்பிடல' என்போம். அந்த 'ஆமாம்' என்பதை 'யெஸ்' என்று பெயர்த்தால் ஆங்கிலத்தில் யாரோ கூப்பிட்டார்கள் என்று ஆகிவிடும். கூப்பிடவில்லை என்றால் 'நோ, நோபடி டிட்'. கூப்பிட்டிருந்தால் 'யெஸ், சம்படி டிட்'.